எல்லா இசையையும் கேட்கிறீர்களா, நல்லது. யாருடைய இசை அது?

இசைக்குச் சாதி இல்லை என்று நமக்கு அடிக்கடி பாடம் எடுக்கப்படுகிறது. எடுப்பவர்கள் பெரும்பாலும் நல்ல ரசிகர்கள். காலையில் நவீன செவ்வியல், மாலையில் ஜாஸ், இரவில் ராக் என்று கேட்பவர்கள். "நான் எல்லாவற்றையும் கேட்கிறேன், எனக்குப் பேதமில்லை, நீங்கள்தான் இசைக்குள்ளும் சாதியைக் கொண்டுவருகிறீர்கள்" என்பது அவர்களின் வாதம்.

இதற்குப் பதில் சொல்ல நாம் பறையை எடுக்க வேண்டியதில்லை. அவர்களுடைய பட்டியலிலிருந்தே தொடங்கலாம்.

ராக் இசையை எடுத்துக்கொள்வோம். 1920களில் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்கள் கறுப்பின மக்களின் இசையைத் தனி வரிசையாக விற்றன. அந்த வரிசைக்கு அவர்கள் வைத்த பெயர் "ரேஸ் ரெக்கார்ட்ஸ்". ஊரும் சேரியும் போல இசைத்தட்டுகளுக்கும் தனித்தனிக் குடியிருப்பு. பில்போர்டு இதழ் 1949இல்தான் அந்தத் தலைப்பை மாற்றி "ரிதம் அண்ட் ப்ளூஸ்" என்று எழுதியது. பெயர் மாறியது, பிரிவினை அப்படியே இருந்தது. அந்தக் குடியிருப்பிலிருந்து எடுத்த சரக்கில்தான் பிறகு ராக் சந்தை கொழித்தது.

எலெக்ட்ரிக் கிதாரை ராக் வாசிப்புக்குப் பழக்கிய முன்னோடிகளில் ஒருவர் சிஸ்டர் ரொசெட்டா தார்ப் என்ற கறுப்பினப் பெண். 1973இல் இறந்தார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவருடைய கல்லறைக்குப் பெயர்க்கல்கூட இல்லை. ராக் இசையின் புகழ்க்கூடம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2018இல். லெட் செப்லினின் "ஹோல் லாட்டா லவ்" 1969இல் உலகம் முழுவதும் ஒலித்தது. அதன் வரிகள் தன் பாடலிலிருந்து எடுக்கப்பட்டவை என்று ப்ளூஸ் கலைஞர் வில்லி டிக்சன் 1985இல் வழக்குத் தொடுத்தார். 1987இல் சமரசம் ஏற்பட்டது. அதன் பிறகுதான் அந்தப் பாடலில் அவர் பெயர் வந்தது. உழைத்தவனின் பெயரைப் போடுவதற்கே வழக்கு வேண்டியிருக்கிறது.

சரி, ஜாஸுக்கு வருவோம். மைல்ஸ் டேவிஸின் "கைண்ட் ஆஃப் ப்ளூ" வைத்திராத ஜாஸ் ரசிகர் அரிது. அது 1959 ஆகஸ்டில் வெளியானது. அதே மாதம், நியூயார்க்கின் பேர்ட்லேண்ட் அரங்கில் வாசித்துக்கொண்டிருந்த அவர், இடைவேளையில் வாசலில் நின்றார். நகரச் சொன்னார் ஒரு போலீஸ்காரர். உள்ளே வாசிப்பவன் நான்தான் என்று சொல்லியும் தலையில் அடி விழுந்தது, ரத்தம் கொட்டியது. மேடையில் கைதட்டல், வாசலில் தடியடி. நாதஸ்வரமும் தவிலும் பறையும் வாசிப்பவர்கள் நம் ஊர்களில் எந்த வாசலில் நிறுத்தப்பட்டார்கள் என்பது தெரிந்த யாருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல.

1963 செப்டம்பர் 15 அன்று அலபாமா மாநிலம் பர்மிங்காமில் வெள்ளை நிறவெறியர்கள் தேவாலயத்தில் வைத்த குண்டு நான்கு சிறுமிகளைக் கொன்றது. இரண்டு மாதம் கழித்து ஜான் கோல்ட்ரேன் "அலபாமா" என்ற இசையைப் பதிவு செய்தார். அதில் ஒரு சொல்கூட இல்லை. அதை வெறும் ஒலியாக ரசித்து, அரசியல் பேசாதீர்கள் என்று நம்மிடம் சொல்பவர்கள் கோல்ட்ரேனைப் பாதிதான் கேட்டிருக்கிறார்கள்.

டியூக் எலிங்டனின் கதையும் இருக்கிறது. 1965இல் அவருக்குச் சிறப்பு விருது கொடுக்கலாம் என்று புலிட்சர் இசை நடுவர்கள் பரிந்துரைத்தார்கள். விருதுக் குழு மறுத்தது. நடுவர்களில் இருவர் பதவி விலகினார்கள். எலிங்டன் 1974இல் இறந்தார். சிறப்பு விருது 1999இல் வந்து சேர்ந்தது. செத்த பிறகு மாலை போடும் வழக்கம் நமக்கு மட்டும் சொந்தமல்ல.

நவீன செவ்வியல் இசையாவது தூய்மையான கலையாக இருந்ததா? 1933இல் ஃப்ளோரன்ஸ் ப்ரைஸின் முதல் சிம்பொனியை சிகாகோ சிம்பொனி இசைக்குழு வாசித்தது. அமெரிக்காவின் பெரிய இசைக்குழு ஒன்று வாசித்த, ஒரு கறுப்பினப் பெண் எழுதிய முதல் சிம்பொனி அது. பத்தாண்டு கழித்துப் பாஸ்டன் இசைக்குழுவின் நடத்துநருக்கு எழுதிய கடிதத்தில், தான் பெண் என்பதும் கறுப்பினம் என்பதும் தனக்கு முன் நிற்கும் இரண்டு தடைகள் என்று அவர் குறிப்பிட வேண்டியிருந்தது. 1953இல் இறந்தார். அவருடைய கையெழுத்துப் பிரதிகளில் பெரும் பகுதி 2009இல் இல்லினாய் மாநிலத்தில் பாழடைந்து கிடந்த ஒரு வீட்டில் கிடைத்தது. ஜூலியஸ் ஈஸ்ட்மன் என்ற கறுப்பின இசையமைப்பாளரை 1980களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள். அவருடைய இசைக்குறிப்புகளில் பல அதோடு தொலைந்தன. 1990இல் இறந்தார். இரங்கல் செய்தி அச்சில் வர எட்டு மாதம் ஆனது. இன்று பெரிய அரங்குகளில் அவரை வாசிக்கிறார்கள்.

ஆக, "எல்லாவற்றையும் கேட்கிறேன்" என்பவரின் அலமாரியில் எது இருக்கிறது, எது இல்லை என்பதை அவருடைய ரசனை மட்டும் தீர்மானிக்கவில்லை. யாரைப் பதிவு செய்வது, யாருக்கு மேடை கொடுப்பது, யாருடைய தாளைக் குப்பையில் விடுவது என்று அவருக்கு முன்பே பலர் தீர்மானித்துவிட்டார்கள். மிச்சத்தைத்தான் அவர் "எல்லாம்" என்கிறார்.

இங்கே நிலைமை என்ன? மிருதங்கத்தின் இரு முகங்களிலும் மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல். அந்தத் தோலைத் தேர்ந்து, பதப்படுத்தி, வார் பிடித்து, நாதம் கொண்டுவருபவர்களில் பெரும்பாலானோர் தலித் கிறித்தவர்கள். அவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய "செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்" நூல் வெளியீட்டுக்குக் கொடுத்திருந்த அரங்க அனுமதியை 2020 ஜனவரியில் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. தோலின் நாதம் வேண்டும், தோலைத் தொட்டவனின் பெயர் வேண்டாம். இசைக்குச் சாதி இல்லை என்றால் அந்தக் கதவைச் சாத்தியது எது?

நிறவெறியும் சாதியும் ஒன்றல்ல, இரண்டையும் குழப்புகிறீர்கள் என்பார்கள். ஒன்றல்லதான். இங்கே தீட்டு இருக்கிறது, அதற்குச் சாத்திரம் இருக்கிறது. ஆனால் ஒடுக்கப்பட்டவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பதற்கு இரண்டும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பாபாசாகேப் அம்பேத்கர் 1946இல் டபிள்யூ.ஈ.பி. டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாய் இளைஞர்கள் பிளாக் பாந்தர் இயக்கத்தின் பெயரை எடுத்துத் தங்களை தலித் பாந்தர் என்று அழைத்துக்கொண்டார்கள். அந்த உறவு நமக்கு இரவல் அல்ல, வரலாறு.

இதே காரணத்துக்காக நம் பக்கத்திலும் ஒரு வாதத்தை மறுக்க வேண்டியிருக்கிறது. ஜாஸும் சிம்பொனியும் மேட்டுக்குடி சங்கதி, சேரிப் பிள்ளைகளுக்குப் பறையும் கானாவும் போதும் என்று சில தோழர்களே சொல்கிறார்கள். பறையும் கானாவும் நம் பெருமைதான். ஆனால் இது உனக்கு, அது அவனுக்கு என்று காதுக்கும் வேலி போடுவது யாருடைய வேலை? 1965இல் சிகாகோவின் தெற்குப் பகுதியில் கறுப்பின இசைக்கலைஞர்கள் ஏ.ஏ.சி.எம். என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். ஜாஸ் என்ற கூண்டுக்குள் தங்களை அடைக்க அவர்கள் ஒப்பவில்லை. தங்கள் இசையைத் தாங்களே எழுதினார்கள், தாங்களே கச்சேரி நடத்தினார்கள், தங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் இசைப் பள்ளி நடத்தினார்கள். இங்கே அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து பெயர் எடுத்த கேஸ்ட்லெஸ் கலெக்டிவ், 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முறையாக மேடையேறியபோது கானாவும் ராக்கும் ராப்பும் ஒன்றாகவே ஏறின.

எனவே மாணவத் தோழர்களுக்கு நாம் சொல்வது இதுதான். எல்லாவற்றையும் கேளுங்கள், கூச்சமே வேண்டாம். கல்லூரி விடுதியில் கோல்ட்ரேன் கேட்டால் பந்தா என்று கிண்டல் செய்பவர்களுக்கும், கானா கேட்டால் முகம் சுளிப்பவர்களுக்கும் ஒரே பதில்தான்: எங்கள் காது எங்களுடையது. கூடவே ஒவ்வொரு முறையும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதை உருவாக்கியவர் யார்? காசு யாருக்குப் போனது? இந்த அரங்கின் வாசலில் யார் நிறுத்தப்பட்டார்கள்?

நம் பகுதிகளில் பாடும், வாசிக்கும், கருவி செய்யும் மூத்தவர்களை இன்றைக்கே கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பெயர், ஊர், ஆண்டு எழுதி வையுங்கள். நம் பாட்டனின் இசையும் பாழடைந்த வீட்டில் ஐம்பது ஆண்டு கிடந்து, யாரோ கண்டெடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம்.