நடந்த பாதை எங்கே போச்சு?

சேலம் மூக்கனேரிக் கரையானாலும் சரி, நாமக்கல் கமலாலயக் குளக்கரையானாலும் சரி, கையில் ஸ்மார்ட் வாட்ச் கட்டி நடக்கும் சகோதரிகள் இப்போது நிறையப் பேர். வீட்டுக்கு வந்து செல்போனில் பார்த்தால் நேரம் இருக்கும், நாடித் துடிப்பு இருக்கும்; நடந்த பாதை மட்டும் மேப்பில் இருக்காது. "வாட்ச் கெட்டுப் போச்சு" என்று மூலையில் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

துடிப்பையும் காலடியையும் வாட்சே எண்ணிவிடும். பாதைக்கோ, சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சிக்னல் வேண்டும். கூரைக்கடியில் அது சரியாகக் கிடைக்காது. வாசலில் வானம் தெரிய நின்று, சிக்னல் வந்த பிறகே அடி எடுத்து வையுங்கள்.

'இன்டோர் வாக்' என்று வைத்து நடந்தால் பாதை பதிவாகாது. 'அவுட்டோர் வாக்' என்று மாற்றுங்கள். விலை மலிவான சில வாட்சுகளில் ஜி.பி.எஸ். கிடையாது. அவற்றுக்கு செல்போனும் கூடவே வரணும். அதில் 'லொகேஷன்' அனுமதி தந்திருக்கணும், பேட்டரி சேமிப்பை நிறுத்தியிருக்கணும்.

வாட்சின் ஆப்பில் பாதை இருந்து, வேறு ஆப்புக்கு மாற்றும்போது காணோமா? பாதைக்கென்று தனி அனுமதி இருக்கும், அதைக் கொடுங்கள். ஃபைலாக மாற்றுவதானால் ஜி.பி.எக்ஸ்., டி.சி.எக்ஸ்., ஃபிட் இவற்றில் ஒன்றாக எடுங்கள். வெறும் அட்டவணையான சி.எஸ்.வி.யில் பெரும்பாலும் பாதை வராது. புதியதில் சரியாக வந்ததைப் பார்க்கும்வரை பழையதை அழிக்காதீர்கள். பதிவே ஆகாத பாதையை மட்டும் எப்படியும் வரவழைக்க முடியாது.

மொட்டை மாடியில் எட்டுப் போட்டு நடக்கிறவர்கள் மேப்பை எதிர்பார்க்க வேண்டாம். ஜி.பி.எஸ்.ஸில் சில மீட்டர் பிசகு சகஜம். குழந்தை கிறுக்கிய கோலம் மாதிரிதான் இருக்கும்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. பாதை கிடைத்துவிட்டால் அதை ஊரறியப் போடாதீர்கள். தினமும் ஒரே வாசலில் தொடங்கி முடிந்தால், உங்கள் வீடும் நீங்கள் வெளியே போகும் நேரமும் அந்நியருக்குத் தெரிந்துவிடும். ஸ்ட்ராவா நிறுவனத்தின் உலக மேப்பில் ராணுவ முகாம்களே துலங்கித் தெரிந்தது 2018 ஜனவரியில் பெரிய செய்தியாயிற்று. 'நான் மட்டும்' பார்க்கும்படி வையுங்கள்.

வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது நேரக் கணக்கு. மேப் கணக்கு அல்ல. நடந்த நிமிடங்களைக் காலண்டரில் குறித்து வைத்தாலும் டாக்டரிடம் காட்டலாம். பாதை காணாமல் போனாலும், நடந்த பலன் உடம்பை விட்டுப் போகாது.