படத்துல இருக்கிற என்சைம் வேலை செய்யாது!

பயோகெமிஸ்ட்ரி புத்தகத்துல அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீங்க. பூட்டு மாதிரி ஒரு என்சைம், சாவி மாதிரி ஒரு சப்ஸ்ட்ரேட். பக்கத்துலயே கலர் கலரா ரிப்பன் சுத்தின கிரிஸ்டல் ஸ்ட்ரக்சர். அஞ்சு மார்க்குக்கு வரைஞ்சுட்டுப் போயிடறோம். அதை எப்படிப் படம் எடுத்தாங்கன்னு கேக்கறதில்லை. கேக்கணும்ங்கிறதுதான் என் கருத்து.

ஈ.கோலை பாக்டீரியாவோட பீட்டா-கேலக்டோசிடேஸையே எடுத்துக்கோங்க. பால்ல இருக்கிற லாக்டோஸை குளுக்கோஸ், கேலக்டோஸ்னு ரெண்டா வெட்டுற என்சைம். ஒரே மாதிரி நாலு சங்கிலி, ஒவ்வொண்ணுலயும் 1,023 அமினோ அமிலங்கள். இதன் அமைப்பை எக்ஸ்-ரே மூலமா கண்டுபிடிச்சு 1994-ல் பிரையன் மாத்யூஸ் குழு வெளியிட்டது. ஆனா லாக்டோஸோட சேர்த்துப் படம் எடுக்கிறது வேற கதை. நொடிக்குப் பத்துக்கணக்கான லாக்டோஸை வெட்டித் தள்ளுற என்சைம் இது. டேட்டா எடுத்து முடிக்கறதுக்குள்ள சர்க்கரை காலி!

அதனால என்சைமையே கொஞ்சம் கெடுத்தாங்க. 537-வது இடத்துல இருக்கிற குளுட்டமேட்தான் சர்க்கரையைத் தாக்குற கை. அதை குளுட்டமினா மாத்தினாங்க. ஒரு ஆக்சிஜன் இருந்த இடத்துல ஒரு நைட்ரஜன், அவ்வளவுதான். இப்போ லாக்டோஸ் வந்து உக்காரும், வெட்டு மட்டும் நடக்காது.

2001-ல் வெளிவந்த அந்தப் படங்கள்ல லாக்டோஸ் குழியோட மேல்மட்டத்துலயே உக்காந்திருக்கு. வெட்டு நடக்கும்போதுதான் கேலக்டோஸ் பகுதி இன்னும் ஆழமா உள்ளே இறங்குது. வெட்டுக்கு முன்னாடி, நடுவுல, முடிஞ்ச பிறகுன்னு ஒவ்வொரு நிலையையும் தனித்தனியா பிடிச்சு, வரிசையா அடுக்கித்தான் இதைச் சொன்னாங்க. நாம வரையற பூட்டு-சாவி படத்துல இந்த இறக்கமே கிடையாது.

"இது தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"ன்னு கேப்பீங்க. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு நம்மள்ல எத்தனை பேர் டாக்கிங் பண்றோம்! புரோட்டீன் டேட்டா பேங்க்ல ஃபைலை இறக்கி, சாஃப்ட்வேர்ல போட்டு, வர்ற ஸ்கோரை ரிப்போர்ட்ல ஒட்டிடறோம். இறக்கினது மியூட்டன்ட்டா இருந்தா? முக்கியமான கையையே மாத்தி வச்ச என்சைமுக்கு மருந்து தேடிட்டு இருப்போம். வைவால யாரும் கேக்காம விட்டுடலாம். அதுக்காக அந்த ஸ்கோர் சரியாகிடாது.

கெடுத்த என்சைம்னா படமே பொய்னு நான் சொல்லல. ஓடுற மெஷினை நிறுத்தினாத்தான் உள்ளே பார்க்க முடியும். எங்கே நிறுத்தினாங்க, எதைக் கழட்டினாங்கன்னு தெரிஞ்சுட்டுப் பாருங்கன்னுதான் சொல்றேன்.

1971-ல ஆரம்பிச்ச அந்த டேட்டா பேங்க் இன்னைக்கு எல்லாருக்கும் இலவசம். ஒவ்வொரு ஸ்ட்ரக்சர் பக்கத்துலயும் மியூட்டேஷன் உண்டா, ரெசல்யூஷன் எவ்வளவு, கூட என்ன மூலக்கூறு ஒட்டியிருக்குன்னு எழுதியிருக்கும். படிக்க ரெண்டு நிமிஷம் போதும். டவுன்லோட் பட்டனை அமுக்கறதுக்கு முன்னாடி அந்த ரெண்டு நிமிஷத்தைக் கொடுங்க.