ஃபிரிட்ஜ் கேஸும் வெள்ளி கிரகமும்

"வெள்ளி கிரகத்தில் எவ்வளவு வெயில் அடித்தால் நமக்கென்ன?" விண்வெளி ஆராய்ச்சி என்றாலே இந்தக் கேள்வி வந்து விழும். கூடவே, "இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?" என்ற துணைக்கேள்வியும்! இரண்டுக்கும் பதில் வைத்திருக்கிறது வீரபத்ரன் ராமநாதனின் வாழ்க்கை.

சென்னையில் பிறந்தவர். 1965-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்துவிட்டு, செகந்திராபாத்தில் ஒரு ஃபிரிட்ஜ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். ஃபிரிட்ஜில் இருந்து ஃப்ரியான் வாயு ஏன் கசிகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. பிறகு பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி., அங்கிருந்து அமெரிக்கா. பொறியியல் படிக்கத்தான் போனார். ஆனால் அவருடைய வழிகாட்டி ராபர்ட் செஸ், செவ்வாய், வெள்ளி கிரகங்களின் வளிமண்டலத்துக்குத் தாவியிருந்தார். ராமநாதனும் அதையே படித்தார். ஒரு கிரகம் வெளியேற்றும் வெப்பத்தை எந்த வாயு எவ்வளவு பிடித்து வைக்கிறது என்ற கணக்கு அது.

1974-ல் மொலினாவும் ரோலண்டும், ஃப்ரியான் வகை வாயுக்கள் ஓசோனை அரிக்கும் என்று எழுதினார்கள். ராமநாதனுக்கு வேறொரு சந்தேகம் வந்தது. இது வெப்பத்தையும் பிடிக்குமோ? கணக்குப் போட்டார். பூமியின் வெப்பம் தப்பிக்கும் 'ஜன்னல்' வழியையே இந்த வாயு அடைக்கிறது! ஒரு மூலக்கூறு, 10,000-க்கும் மேற்பட்ட கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளுக்குச் சமம். 1975-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. பூமி சூடாவதற்குக் கரியமில வாயு மட்டும் காரணமில்லை என்று உலகம் புரிந்துகொண்டது அதன்பிறகுதான்.

ஓசோனுக்காக 1987-ல் போட்ட மாண்ட்ரியல் ஒப்பந்தம் இந்த வாயுக்களைக் கட்டுப்படுத்தியதால், பூமி சூடாவதும் அந்த அளவுக்குக் குறைந்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். இரண்டாவது மாங்காயைக் காட்டியவர் ராமநாதன்.

"எல்லா ஆராய்ச்சியும் இப்படிப் பலன் தருமா?" என்று கேட்கலாம். தராது. ஆனால் எது தரும் என்று முன்கூட்டியே சொல்ல யாராலும் முடியாது என்பதுதான் விஷயம். செகந்திராபாத் கசிவையும் வெள்ளி கிரகக் கணக்கையும் இணைத்துப் பாடத்திட்டம் போட எந்தக் கமிட்டிக்குத் தோன்றியிருக்கும்?

உடனடி உபயோகத்தை மட்டும் கேட்டு நிதி கொடுக்கும் நாடு, ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்யக் கற்றுக்கொள்ளும். அந்த ஃபிரிட்ஜ் பூமியைச் சூடாக்குகிறது என்பதை வேறு யாராவது வந்துதான் அதற்குச் சொல்ல வேண்டும்.