காட்டைச் சும்மா போட்டால் சும்மா கிடக்குமா?

நமது பக்கத்தில் கிணற்றுப் பாசனம் இருந்தால் அது தோட்டம். மழையை நம்பி விதைப்பது காடு. சோளம் விளைந்தாலும் காடுதான், நிலக்கடலை விளைந்தாலும் காடுதான். இந்தப் பெயரில் ஓர் உண்மை இருக்கிறது. உழவை நிறுத்திவிட்டால் அந்த நிலம் காடாகத்தான் ஆகப் பார்க்கும்.

சென்ற மாதம் பரமத்தி பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். ஐந்து ஏக்கர் செம்மண் காடு வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் அழைத்துப் போய்க் காட்டினார். "ஏழெட்டு வருசமாச் சும்மா கிடக்குதுங்க. கடலை போட்டாக் களை வெட்ட ஆள் கிடைக்கறதில்லீங்க. பையன் ரிக் வண்டியோட வடக்கே போயிட்டான். அடுத்த வாரம் ஜே.சி.பி. விட்டு மொத்தமா வழிச்சுப் போடலாம்னு இருக்கறனுங்க" என்றார். நாமக்கல், திருச்செங்கோடு, ராசிபுரம் வட்டாரங்களில் இப்படிப்பட்ட காடுகள் இன்று எங்கு பார்த்தாலும் கிடக்கின்றன. ஆனால் 'சும்மா' என்ற சொல்லைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அரசுக் கணக்கில், ஓராண்டு மட்டும் பயிர் இல்லையென்றால் அது நடப்புத் தரிசு. ஐந்தாண்டு வரை ஏனைய தரிசு. அதையும் தாண்டினால் சாகுபடிக்கேற்ற தரிசு. நிலம் தனக்கென்று வேறொரு கணக்கு வைத்திருக்கிறது. உழவு நின்ற முதல் மழைக்குத் தும்பை, நாயுருவி, நெருஞ்சி, இப்போது பார்த்தீனியமும் வருகின்றன. கூடவே கொழுஞ்சி வந்தால் நல்லது. அது காற்றிலுள்ள தழைச்சத்தை வேர் முடிச்சுகளில் சேர்த்து வைக்கும் செடி. இரண்டு மூன்று ஆண்டுகளில் ஊசிப்புல் போன்ற புல்வகைகள் பரவி மண்ணைப் பிடித்துக்கொள்கின்றன. பிறகு ஆவாரையும் சூரைமுள்ளும் தலை தூக்கும். அதன் பின்னரே வெள்வேல், வேம்பு, அரப்புக்கு இலை பறிக்கும் உசில் ஆகியவை வரும். இதைத் தாவர வழிமுறை வளர்ச்சி என்கிறோம். முன்னால் வந்தது பின்னால் வருவதற்கு இடம் செய்து கொடுக்கிறது. சூரைப் புதரைக் கவனித்துப் பாருங்கள். வேப்பம்பழம் தின்ற மைனா அதில் உட்கார்ந்து கொட்டையைப் போடும். முளைத்த கன்றை ஆடு எட்டிக் கடிக்க முள் விடாது. நாம் கூண்டு வைத்து வளர்க்கும் மரக்கன்றை இந்தப் புதர் செலவில்லாமல் வளர்த்துவிடுகிறது.

இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சிப் பண்ணையில் 1882-ஆம் ஆண்டு அரை ஏக்கர் கோதுமையை அறுக்காமல் விட்டு வேலி அடைத்தார்கள். நான்கே ஆண்டுகளில் கோதுமை ஒன்றிரண்டு நோஞ்சான் செடிகளாகக் குறுகிவிட்டது. இன்று அங்கே மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. அதே துண்டில் ஒரு பகுதியில் மட்டும் மரக்கன்றுகளை அவ்வப்போது பிடுங்கி வந்தார்கள், அது காடாகவில்லை. இன்னொரு பகுதியில் 1957 முதல் செம்மறி மேய்த்தார்கள். அது மேய்ச்சல் தரையாகிவிட்டது. ஒரே மண், ஒரே மழை. மனிதன் கை வைத்த விதம்தான் வேறு. நம் காடுகளுக்கும் இதுவே பொருந்தும்.

மண்ணே இல்லாத இடத்தில் இந்த வளர்ச்சி எவ்வளவு மெதுவாக நடக்கும் என்பதைச் சேலம் கருப்பூர் பக்கத்து வெள்ளைக்கல் குவியல்களில் பார்க்கலாம். உங்கள் காட்டில் மண் இருக்கிறது, விதையும் இருக்கிறது. அதுவே பாதி முதலீடு.

சரி, பின் ஏன் எங்கு பார்த்தாலும் சீமைக்கருவேல்? அமெரிக்கக் கண்டத்து மரமான அது 1870-களில் அன்றைய சென்னை மாகாணத்தில், கடப்பைப் பக்கம், விறகுக்காகக் கொண்டுவந்து நடப்பட்டது. இனிப்பான காயை ஆடு மாடுகள் விரும்பித் தின்னும். விதை சாணத்திலும் புழுக்கையிலும் கெடாமல் வெளிவரும். வெட்டினால் அடிமரத்திலிருந்து பல கிளையாகத் துளிர்க்கும். வெள்வேல் வரவேண்டிய படியில் இது வந்து உட்கார்ந்துகொண்டு மேற்படிக்கு வழி விடுவதில்லை. இதன் நெருக்கத்தின் அடியில் நல்ல புல்லும் வராது.

அதற்காக மொத்தமாக வழிப்பதுதான் வைத்தியம் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு விவசாயிக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தேன். வழித்தார், கையில் பணம் தீர்ந்துபோனதால் எதுவும் விதைக்கவில்லை. மறு ஆண்டு இடுப்பளவு பார்த்தீனியம். நான்காம் ஆண்டு முன்னைவிட நெருக்கமாகச் சீமைக்கருவேல். மேல்மண்ணில் ஒரு பகுதி ஓடைக்குப் போனது இலாபத்தில் சேர்த்தியா, நஷ்டத்தில் சேர்த்தியா என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. வெறும் மண்ணாக்கி விடுவது, படியில் ஏறியவனை அடிப்படிக்கே தள்ளுவது போல. எத்தனை ஏக்கர் அழித்தோம் என்று எண்ணுவதோடு, மூன்றாம் ஆண்டில் அங்கே என்ன நிற்கிறது என்றும் யாராவது போய்ப் பார்க்க வேண்டும்.

காவிரிக்கு அக்கரையில் காங்கயம், மூலனூர் பக்கத்துக் குடியானவர்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். அவர்களது கொரங்காட்டில் சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, தரையில் கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல் மரம். நிலத்தை மரக்காடாகவும் விடாமல், வெறும் பொட்டலாகவும் ஆக்காமல், புல்லும் மரமும் கலந்த படியிலேயே மேய்ச்சலால் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வெள்வேல் காயும் ஆட்டுக்குத் தீவனமாகிறது. ஆள் இல்லாத வீட்டுக்கு இதைவிடத் தோதான விவசாயம் எனக்குத் தெரியவில்லை.

தரிசு போட முடிவு செய்பவர்கள் முதல் இரண்டு ஆண்டுகளில் மழை பெய்த மறுநாள் ஒரு சுற்று நடந்தால் போதும். சீமைக்கருவேல் நாற்று ஈர மண்ணில் கையோடு வரும். அதன் காய் தின்ற ஆடுகளைக் கொண்டு பட்டி போடாதீர்கள். காயைத் தீவனமாக்குவதானால் விதையோடு சேர்த்து அரைத்து மாவாக்கிக் கொடுங்கள். ஏற்கனவே மரமாகிவிட்ட காட்டில் அடிவேரோடு தோண்டி எடுத்து, புரட்டாசி, ஐப்பசி மழைக்குக் கோ 1 கொழுக்கட்டைப் புல்லை உடனே விதைக்க வேண்டும். புதிதாக எடுத்த விதை சரியாக முளைக்காது; போன பருவத்து விதையாகக் கேட்டு வாங்குங்கள்.

இயந்திரம் வருமுன் புதருக்குள் நிற்கும் நல்ல கன்றுகளுக்கு அடையாளத் துணி கட்டிவிடச் சொன்னேன். பெரியவர் நம்பவில்லை. "அந்த முள்ளுக்குள்ள என்னங்க இருக்கப் போகுது?" என்றார். பழைய வேட்டி ஒன்றைக் கிழித்துக்கொண்டு இரண்டு பேருமாக உள்ளே போனோம். ஒரு ஏக்கரைச் சுற்றி முடிப்பதற்குள் துணி தீர்ந்துவிட்டது. வேம்பு பத்தொன்பது, வெள்வேல் ஆறு, உசில் ஒன்று. ஜே.சி.பி.க்காரரைப் புரட்டாசிக்கு வரச் சொல்லியிருக்கிறார்.