'பொறக்கும்போது ரெண்டே கிலோதான்!' - பத்து வயதிலும் டாக்டரிடம் சொல்ல வேண்டிய தகவல்

"பொறக்கும்போது ரெண்டே கிலோதான். இப்ப பாருங்க, எப்படி கொழுகொழுன்னு இருக்கான்!"

உறவினர் வீட்டு விசேஷங்களில் இந்தப் பெருமைப் பேச்சைக் கேட்காதவர்கள் குறைவு. இளைத்துப் பிறந்த பிள்ளையைத் தேற்றிக் கொண்டுவந்த தாயின் உழைப்பு அதில் இருக்கிறது. ஆனால், ஒரு குழந்தைகள்நல மருத்துவரின் காதில் இதே வாக்கியம் வேறு மாதிரி விழும். 'இந்தப் பையனுக்கு பி.பி பார்த்தாங்களா?'

இரண்டரை கிலோவுக்குக் குறைவாகப் பிறந்தால் 'எடை குறைந்த குழந்தை' என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, பிறப்பு எடை பதிவான இந்தியக் குழந்தைகளில் சுமார் 18 சதவிகிதம் பேர் இந்த வகை. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பிள்ளை.

கிட்னிக்குள் ஒரு கணக்கு

பிறந்த எடைக்கும் பி.பி-க்கும் என்ன சம்பந்தம்? ரத்தத்தை வடிகட்டும் நெஃப்ரான்கள் கருவிலேயே உருவாகின்றன. சுமார் 36-வது வாரத்தோடு அந்த வேலை முடிந்துவிடும். நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு அதன் பிறகு புதிதாக ஒன்றுகூட முளைக்காது. வயிற்றுக்குள் ஊட்டம் போதாமல் வளர்ந்த குழந்தைக்கு இந்த எண்ணிக்கை குறையலாம். பத்து பேர் பார்க்க வேண்டிய கல்யாண வேலையை ஆறு பேர் இழுத்துப்போட்டுச் செய்கிற கதைதான். உடம்பில் சேரும் உப்பை வெளியேற்ற ரத்த அழுத்தம் ஏற வேண்டியிருக்கும். அமெரிக்க மருத்துவர் பேரி பிரென்னர் 1988-ல் முன்வைத்த விளக்கம் இது.

மறுவருடமே இங்கிலாந்தின் டேவிட் பார்க்கர் குழுவினர், ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் 1911 முதல் எழுதிவைக்கப்பட்ட குழந்தைகளின் எடைப் பதிவேடுகளை வைத்து, எடை குறைந்து பிறந்த ஆண்களிடம் இதயநோய் மரணம் அதிகம் என்று காட்டினார்கள்.

பயப்படணுமா?

வேண்டாம். பிறந்த எடையால் மட்டும் வரும் பி.பி வித்தியாசம் சிறியது. அது எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதமும் உண்டு. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இப்போதைய எடைதான் பெரிய காரணி. சிக்கல் எங்கே என்றால், சின்னதாகப் பிறந்து பிறகு வேகமாகக் குண்டாகும் பிள்ளைகளிடம்தான். அந்த 'கொழுகொழு'வில்!

புனேயில் டாக்டர் யாஜ்னிக் குழுவினர் செய்த ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. ஆங்கிலேயக் குழந்தைகளைவிட மிகக் குறைவு. ஆனால், தசைதான் குறைந்திருந்தது, கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. 'ஒல்லியாத்தானே இருக்கான்' என்று நம்மால் நிம்மதியாக இருக்க முடியாது.

என்ன செய்யலாம்?

அமெரிக்கக் குழந்தைகள்நல அகாடமியின் 2017 வழிகாட்டுதல்படி, 3 வயது முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆண்டுக்கு ஒருமுறை பி.பி பார்க்க வேண்டும். 32 வாரத்துக்கு முன்பே பிறந்தவர்களுக்கும், கருவில் சரியாக வளராமல் பிறந்தவர்களுக்கும் அதற்கும் முன்பே. சின்னக் கைக்குச் சின்னப் பட்டைதான் கட்ட வேண்டும். 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 120/80 என்ற பெரியவர்கள் கணக்கு சரிவராது. வயது, உயரம், ஆணா பெண்ணா என்று பார்த்தே முடிவு செய்வார்கள். ஒருமுறை கூடியிருந்தால் அது நோயல்ல. வேறு வேறு நாள்களில் மீண்டும் பார்ப்பார்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது பழைய சங்கதிதான். சிப்ஸ், அப்பளம், ஊறுகாயைக் குறைப்பது, ஓடியாட விடுவது, 'இன்னும் ஒரு வாய்' என்று திணிக்காமல் இருப்பது.

ஒன்று மட்டும். 'அவ ஒழுங்கா சாப்பிடல, அதான் புள்ள சின்னதாப் பொறந்துச்சு' என்று மருமகளைக் கைகாட்ட வேண்டாம். நம் நாட்டில் கர்ப்பிணிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பதாக அதே குடும்பநல ஆய்வு சொல்கிறது. அது ஒரு பெண்ணின் தவறல்ல. அவள் சிறுமியாக இருந்தபோதே தட்டில் குறைந்துபோன சாப்பாட்டின் பாக்கி.

பீரோவில் கிடக்கும் அந்தத் தாய் சேய் நல அட்டையை இன்றைக்கே தேடி எடுங்கள். அடுத்தமுறை காய்ச்சலுக்குப் போனாலும் சரி, "டாக்டர், இவன் பொறக்கும்போது ரெண்டு கிலோ. பி.பி பார்த்துடுங்க" என்று நீங்களே சொல்லுங்கள்.