டிக் வேண்டாம், எண் எழுதுங்கள்!

(மூன்றாமாண்டு ஆட்டோமொபைல் மாணவன்)

"காரை சர்வீஸுக்கு விட்டு எடுத்தேன்" என்று யாராவது சொன்னால், "என்னென்ன செஞ்சாங்க?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வரும் பதில் இதுதான்: "ஆயில் மாத்தினாங்க, தண்ணி அடிச்சுக் கழுவினாங்க, பில் கொடுத்தாங்க!" சோப்பு நுரையில் குளித்து பளபளவென்று வெளியே வரும் காரைப் பார்த்ததும் உரிமையாளருக்கு மனசு நிறைந்துவிடுகிறது. பிரேக் எப்படி இருக்கிறது என்று அவரும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை.

சிவில் நண்பர்களும் கம்ப்யூட்டர் நண்பர்களும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். "உங்க டிபார்ட்மென்ட்ல ஸ்பேனர் பிடிக்கிறதைத் தவிர என்னப்பா இருக்கு?" என்று கேன்டீனில் எங்களைக் கலாய்க்கும் நீங்களும் நாளைக்கு ஒரு கார் வாங்கத்தான் போகிறீர்கள். வாங்காவிட்டாலும் வாடகைக் காரில் கொல்லிமலைக்கு டூர் போவீர்கள். அப்போது உங்கள் உயிர், யாரோ ஒருவர் ஒரு தாளில் போட்ட 'டிக்' குறியை நம்பித்தான் இருக்கும்.

முதலில், சர்வீஸ் எப்போது செய்வது? நம் அப்பா காலத்துப் பட்டறைகளில் "மூவாயிரத்துக்கு ஒரு ஆயில்" என்று ஒரு கணக்கு உண்டு. அந்தக் காலத்துக்கு அது சரியான கணக்குதான். 1958-ல் தொடங்கி 2014 வரை தயாரான அம்பாசடரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பழைய மாடல்களில் கான்டாக்ட் பிரேக்கர் பாயின்ட் தேயும், கார்புரேட்டர் அடிக்கடி ட்யூனிங் கேட்கும், முன் சக்கரப் பக்கம் இருக்கும் நிப்பிள்களில் கிரீஸ் அடிக்காவிட்டால் ஸ்டீயரிங் கல்லாகிவிடும். இன்றைய கார்களில் பாயின்டும் இல்லை, கார்புரேட்டரும் இல்லை. பால் ஜாயின்டுகள் கிரீஸோடு சீல் செய்யப்பட்டே வருகின்றன. ஆயிலின் தரமும் வெகுவாக உயர்ந்துவிட்டது. அதனால்தான் பல கம்பெனிகளின் கையேட்டில் இன்று "10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது" என்று அச்சிட்டிருக்கிறார்கள்.

இந்த வாக்கியத்தின் பின்பாதியைத்தான் யாரும் படிப்பதில்லை! ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார் காலையில் காய்கறி வாங்கவும் மாலையில் கோயிலுக்கும் மட்டும் காரை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 2,000 கி.மீ. கூடத் தாண்டாது. "என் வண்டி ஓடவே இல்லையே, எதுக்கு சர்வீஸ்?" என்பார். உண்மையில் அவர் வண்டி ஆயில்தான் அதிகம் பாவம். மூன்று கி.மீ. ஓட்டத்தில் இன்ஜின் ஆயில் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவியும், எரியாத பெட்ரோலும் ஆயிலில் இறங்கி அங்கேயே தங்கிவிடும். நீண்ட தூரம் ஓடும் வண்டியிலோ அந்தச் சூட்டிலேயே அவை ஆவியாகி வெளியேறிவிடும். ஆக, வாத்தியார் வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றியே தீர வேண்டும்.

இதற்கு நேர் எதிர், கால் டாக்ஸி. ஒரு நாளைக்கு 200 கி.மீ. என்றால் 50 நாளில் 10,000 வந்துவிடுகிறது. "போன மாசத்துக்கு முன் மாசம்தானே சர்வீஸ் விட்டேன்" என்று அந்த டிரைவர் அண்ணன் காலண்டரைப் பார்த்தால் வண்டி தாங்காது. அவர் பார்க்க வேண்டியது மீட்டரை. ஒருவருக்குக் காலண்டர், இன்னொருவருக்கு மீட்டர்!

கையேட்டின் கடைசிப் பக்கங்களில் 'கடினமான பயன்பாடு' என்று ஒரு பகுதி இருக்கும். புழுதிச் சாலை, குறுகிய தூர ஓட்டம், நின்று நின்று போகும் நெரிசல், அதிக பாரம்... இவை இருந்தால் இடைவெளியைக் குறைத்துக்கொள் என்கிறது அது. இந்தப் பட்டியலைப் படித்தால் யாரோ நம்ம ஊரை நேரில் பார்த்துவிட்டுப் போய் எழுதியது போலவே இருக்கும்.

சரி, சர்வீஸில் என்ன செய்ய வேண்டும்? என் கருத்தில் வரிசை இதுதான்: வண்டியை நிறுத்துவது முதலில், திருப்புவது இரண்டாவது, ஓட்டுவது மூன்றாவது, கழுவுவது கடைசி. நடைமுறையில் இது தலைகீழாக இருக்கிறது.

பிரேக் ஆயில் என்று நாம் சொல்லும் திரவத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஏனென்றால் அதிகம் புறக்கணிக்கப்படுவது அதுதான். அது எண்ணெயே அல்ல. கிளைக்கால் வகையைச் சேர்ந்த திரவம். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது அதன் பிறவிக்குணம். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர விதி. ஈரம் ஏறிய பிறகு அதே விதி 155 டிகிரியை ஒப்புக்கொள்கிறது. டாட் 3 என்றால் 205-லிருந்து 140. வெளியே பார்த்தால் அளவும் குறைந்திருக்காது, ஒழுகலும் இருக்காது. உள்ளே மட்டும் பலம் போயிருக்கும்.

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைப் பாதையில் 40. இறங்கும்போது முழு வழியும் பிரேக்கில் காலை வைத்தே ஓட்டுகிறவர்கள் உண்டு. டிஸ்க்கின் சூடு காலிப்பருக்கும், அங்கிருந்து திரவத்துக்கும் போகிறது. உள்ளிருக்கும் ஈரம் கொதித்து ஆவியாகிறது. திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்க முடியும் என்பது முதலாமாண்டிலேயே நாம் படித்ததுதான். பெடலை மிதித்தால் ஆவிதான் சுருங்குகிறது, சக்கரத்துக்கு அழுத்தம் போவதில்லை. கால் தரையைத் தொடும், வண்டி நிற்காது.

இதில் கொடுமை என்ன தெரியுமா? அரை மணி நேரம் நிறுத்திவைத்தால் சூடு தணிந்து ஆவி மறுபடி நீராகிவிடும். பெடல் பழையபடி கெட்டியாகிவிடும். மறுநாள் ஷெட்டில் மெக்கானிக் மிதித்துப் பார்த்து, "பிரேக் நல்லாத்தானே சார் இருக்கு" என்பார். அவர் பொய் சொல்லவில்லை, அப்போது நன்றாகத்தான் இருக்கும்! இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சில நூறு ரூபாய் செலவில் திரவத்தை மாற்றி ஏர் எடுத்தால் முடிகிற காரியம் இது. இறங்கும்போது தாழ்ந்த கியரில் வருவது காசே இல்லாத காரியம்.

டயரைப் பற்றிச் சுருக்கமாக. பள்ளங்களுக்குள் சின்ன மேடுகள் இருக்கும். தேய்மானம் அந்த மேட்டுக்கு இறங்கிவிட்டால் 1.6 மி.மீ.தான் மிச்சம் என்று அர்த்தம், அதற்குக் கீழே ஓட்டுவது சட்டப்படியே தவறு. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3522 என்றால் 2022-ஆம் வருடம் 35-வது வாரத்தில் செய்தது. ஸ்டெப்னியிலும் பாருங்கள், சில வண்டிகளில் அது ஒருமுறைகூடத் தரையைத் தொடாமலே கிழவனாகியிருக்கும்.

டிரைவ் ஷாஃப்ட்டின் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா என்று வண்டியைத் தூக்கியதும் ஒரு பார்வை பார்ப்பது அவசியம். கிழிசல் வழியாக கிரீஸ் வெளியே போகும், மண் உள்ளே போகும். அன்றே பார்த்தால் ரப்பரோடு போகும் செலவு, ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் ஜாயின்டோடு போகும்.

இன்ஜின் ஆயில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சூடாக இருக்கும்போது வடிப்பது, ஃபில்டரையும் சேர்த்து மாற்றுவது, கையேடு சொன்ன கிரேடையே ஊற்றுவது. 5டபிள்யூ-30 கேட்கும் வண்டிக்கு "கெட்டியா இருந்தாத்தான் நல்லது தம்பி" என்று 20டபிள்யூ-50 ஊற்றும் அண்ணன்மார்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆயில் கறுத்துவிட்டால் கெட்டுவிட்டது என்பதும் தப்பு. அழுக்கைத் தன்னில் பிடித்துவைப்பது ஆயிலின் வேலை, கறுப்பது அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். கூலன்ட்டில் குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள், நம்ம ஊர் உப்புத் தண்ணீர் ரேடியேட்டரில் காறையாகப் படியும். டீசல் வண்டியானால் ஃபில்டரில் சேரும் தண்ணீரை வடிக்க வேண்டும். மற்றபடி ஏர் ஃபில்டர், பேட்டரி டெர்மினல், வைப்பர், விளக்குகள் என்று ஒரு அரை மணி நேர வேலை.

"மின்சார கார் வந்தாச்சு, இனி சர்வீஸே வேணாம்" என்கிறார்கள் சிலர். இன்ஜின் ஆயில் வேண்டாம் என்பது உண்மை. ஆனால் பிரேக் திரவமும் கூலன்ட்டும் அங்கேயும் உண்டு. மோட்டாரே வண்டியை மெதுவாக்குவதால் பிரேக் பேட் குறைவாகவே தேயும். அதே காரணத்தால் காலிப்பரின் பின்கள் அசையாமல் கிடந்து இறுகிப்போகலாம். தேயவில்லை என்பதற்காகப் பார்க்காமல் விடக்கூடாது.

இதெல்லாம் சர்வீஸ் சென்டர்காரர்களுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். இன்பிளான்ட் டிரெயினிங்கில் நான் இருந்த இடத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு செக்‌ஷீட் உண்டு. மேலிருந்து கீழ்வரை வரிசையாக எல்லாம் அதில் இருந்தது. ஒரு வண்டிக்கு பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறக்கும் முன்பே அந்த வரியில் டிக் விழுந்தது. "திறந்து பார்க்கட்டுமாண்ணே?" என்று கேட்டேன். "கஸ்டமர் கம்ப்ளெய்ன்ட் சொன்னாத்தான் தம்பி அதெல்லாம். நீ டிக் போட்டுட்டு அடுத்த வண்டிக்கு வா" என்றார் சீனியர் மெக்கானிக். அதே வண்டியின் பில்லில் இன்ஜின் ஃப்ளஷ்ஷும் டெஃப்லான் கோட்டிங்கும் இருந்தன!

அந்த அண்ணனை நான் குறை சொல்ல மாட்டேன். கை சுத்தமான வேலைக்காரர். சத்தத்தை வைத்தே வீல் பேரிங் கோளாறைச் சொல்லிவிடுவார். ஆனால் அவரை அளப்பது ஒரு நாளில் எத்தனை வண்டி வெளியே போனது என்ற கணக்கு. முன்னால் உட்கார்ந்திருக்கும் அட்வைசரை அளப்பது எத்தனை கோட்டிங் விற்றது என்ற கணக்கு. பிரேக் திரவத்தைத் திறந்து பார்த்ததை யாரும் அளப்பதில்லை.

இங்கேதான் என் யோசனை வருகிறது. செக்‌ஷீட்டில் டிக் போடும் கட்டங்களை எடுத்துவிட்டு, எண் எழுதும் கட்டங்களை வைக்க வேண்டும். பிரேக் பேட் எத்தனை மி.மீ.? டயர் ஒவ்வொன்றும் எத்தனை மி.மீ.? ஓய்வில் பேட்டரி எத்தனை வோல்ட்? பிரேக் திரவம் கடைசியாக மாற்றிய மாதம், வருடம் என்ன? 'டிக்' என்பது "பார்த்தேன்" என்று மட்டும்தான் சொல்லும். எண் "எவ்வளவு" என்று சொல்லும். போன சர்வீஸில் பேட் 7 மி.மீ., இப்போது 5 என்றால் 10,000 கி.மீ.க்கு 2 மி.மீ. தேய்கிறது. அடுத்த சர்வீஸில் 3 இருக்கும், அப்போது மாற்றிக்கொள்ளலாம் என்று கஸ்டமருக்கே கணக்குப் போடத் தெரியும். "பேட் போயிடுச்சு சார்" என்று முன்கூட்டியே மாற்றி ஏமாற்றவும் முடியாது.

"எண்ணையும் பொய்யா எழுதலாமே?" என்று என் ரூம்மேட் கேட்டான். எழுதலாம். ஆனால் டிக்கில் சொன்ன பொய்யைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. எண்ணில் சொன்ன பொய் அடுத்த சர்வீஸில் மாட்டிக்கொள்ளும். இன்று 5 என்று பார்க்காமல் எழுதிவிட்டு அடுத்த வருடம் உண்மையாக அளந்தவன் 6 என்று எழுதினால்? தேயும் பொருள் எங்கேயாவது வளருமா! "இதுக்கெல்லாம் நேரம் எங்கே?" என்பது இன்னொரு கேள்வி. சக்கரம் மாற்றிப் போடுவதற்காக எப்படியும் கழற்றத்தான் போகிறார்கள். கழற்றிய சக்கரத்தில் ஒரு கேஜை வைத்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

டிப்ளமோ முடித்து நம்மில் பலர் சூப்பர்வைசராகவும் அட்வைசராகவும்தான் போகப் போகிறோம். அந்தத் தாளின் அடியில் கையெழுத்து நம்முடையதாக இருக்கும். அதற்கு முன் இங்கேயே பழகிப் பார்க்கலாமே? அடுத்த செமஸ்டரில் ஒரு சனிக்கிழமை, ஆசிரியர்களின் கார்களை எங்கள் ஷெட்டில் நிறுத்தி இலவசமாக அளந்து, எண் மட்டும் எழுதிக் கொடுக்கும் முகாம் ஒன்றைப் பேரவை நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். டெப்த் கேஜ் மெக்கானிக்கல் லேபில் இருக்கிறது, மல்டிமீட்டர் எலெக்ட்ரிக்கல் நண்பர்களிடம் இருக்கிறது. ஷீட்டை கம்ப்யூட்டர் பிரிவு அச்சடித்துத் தரட்டும். கட்டங்களை நான் ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறேன், மொத்தம் 18. வர விரும்புகிறவர்கள் ஆட்டோ லேப் கதவில் ஒட்டியிருக்கும் தாளில் பெயர் எழுதலாம். தண்ணீர் அடித்துக் கழுவித் தர மாட்டோம் என்பதை மட்டும் ஆசிரியர்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.