உறைக்குள் இருக்கும் பொறுப்பு

தேக்காவில் வசிக்கும் என் பாட்டிக்கு வங்கிக் கணக்கு அறிக்கை இன்றும் தபாலில்தான் வருகிறது. அதை வங்கியே அச்சிட்டு அனுப்புகிறது என்று நினைத்திருந்தேன்.

2025 ஏப்ரலில் உண்மை புரிந்தது. டோப்பன் நெக்ஸ்ட் டெக் என்ற அச்சு நிறுவனம் பிணைத்தொகை கேட்கும் இணையத் தாக்குதலுக்கு ஆளானது. டிபிஎஸ் வாடிக்கையாளர்கள் ஏறக்குறைய 8,200 பேர், பேங்க் ஆஃப் சைனா சிங்கப்பூர்க் கிளையின் வாடிக்கையாளர்கள் சுமார் 3,000 பேர் ஆகியோரின் விவரங்கள் கசிந்திருக்கலாம் என்று அறிவிக்கப்பட்டது. இத்தனைக்கும் வங்கிகளின் சொந்தக் கணினி அமைப்புகள் பாதிக்கப்படவில்லை.

அச்சு, அஞ்சல் பணிகளைச் சீரமைக்க நிறுவனங்கள் வல்லுநர்களை நியமிப்பதுண்டு. சாதாரணக் கடிதத்துக்கான கட்டணம் 2023 அக்டோபரில் 31 காசிலிருந்து 51 காசாக உயர்ந்ததால், செலவைக் குறைக்க அவர்கள் வழிகேட்பது இயல்பே. ஆனால், முதலில் கேட்கவேண்டிய கேள்வி வேறு: அச்சிட்டு முடித்தபின் அச்சகத்தில் இருக்கும் விவரங்களை யார், எப்போது அழிப்பார்?

வேலையை வெளியே கொடுக்கலாம். பொறுப்பைக் கொடுக்க முடியாது. நாளை அலுவலகப் பணியில் சேரப்போகும் நாமும் இதை மறக்கக்கூடாது.